காப்புக் கட்டிய ரேடியேட்டர்

எங்கள் காரின் ரேடியேட்டரில் ஒரு ஏரி இருக்கிறது. காருக்கு ஐம்பத்தொரு வயது. அத்தனை வருடம் ஊற்றிய தண்ணீர் வேறெங்கே போகும்? இன்ஜின் சூடானால் ஏரியில் பகல், ஆறினால் இரவு. சூட்டோடு மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும் என்பதால் அதன் பகலை நான் பார்த்ததே இல்லை. இரவுகளைப் பார்த்திருக்கிறேன். கரையில் பனைமரங்கள் உண்டு.

சனிக்கிழமை காலை ஏரி ஒழுகத் தொடங்கியது. திங்கட்கிழமை பத்து மணிக்குள் என் மனைவி சாந்தாமணி வால்பாறைக்கு மேலே ஒரு சுகாதார நிலையத்தில் நர்ஸாகச் சேர வேண்டும். தவறினால் வேலை பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். ஒன்பது வருடம் காத்திருந்து வந்த உத்தரவு. அந்த ஊருக்குக் காலையில் பஸ் கிடையாது.

காருக்கு அடியில் அட்டையை விரித்து, சொட்டு எங்கே விழுகிறது என்று பார்த்தேன். இரண்டு இடம். ஒன்று ரேடியேட்டரின் அடிப்பக்கம், மற்றொன்று மேல் ஹோஸ் இன்ஜினோடு சேரும் இடம். அட்டையில் ஒரு கெண்டைக் குஞ்சும் துள்ளிக்கொண்டிருந்தது. எடுத்து உள்ளே விட்டேன்.

அடிப்பக்க ஓட்டைக்கு எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். இரண்டு கரண்டி மஞ்சள் தூளை உள்ளே போட்டதும் அது போய் அடைத்துக்கொண்டது. ஹோஸுக்குக் கிளாம்ப் இல்லை. மஞ்சள் கையோடு நூல்கண்டை எடுத்து மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டேன். சொட்டு நின்றது. என் மேலேயே எனக்கு ஒரு மரியாதை வந்தது.

மாலையில் ஓட்டிப் பார்த்தோம். ஊர் எல்லைக் கல்லருகே கார் நின்றுவிட்டது. பின்னால் எடுத்தால் வந்தது, முன்னால் ஓரடி நகரவில்லை. ப்ளக்கைக் கழற்றித் துடைத்தேன். பாயிண்டைத் தேய்த்தேன். பெட்ரோல் குழாயை ஊதினேன். எல்லாம் சரியாகவே இருந்தன.

பின்னாலேயே ஓட்டி வீடு வந்து சேர்ந்தோம். அடுத்த வீட்டு வெள்ளியங்கிரி அண்ணன் முப்பது வருடம் லாரி ஓட்டியவர். பானட்டைத் தூக்கி ஹோஸை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏப்பா, மஞ்ச நூல்ல காப்புக் கட்டி உட்டிருக்கறயே. காப்புக் கட்டினா கோயில் நோம்பி முடியற வரைக்கும் ஊர் எல்லையத் தாண்டக் கூடாதுல்ல? அது பாட்டுக்கு நிக்குது."

"அவுத்துப் போட்றட்டுங்களாண்ணா?"

"பாதியில அவுக்கறதா? நல்லாக் கேட்ட போ."

"நோம்பி எத்தன நாளுங்கண்ணா?" என்று சாந்தாமணி கேட்டாள்.

"எட்டு நாளு."

அவள் ரேடியேட்டர் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஏரிக்கு எட்டு நாள்தானுங்களே?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் தொடங்கினோம். இருபது நிமிடம் இன்ஜினை ஓட்டுவது, ஒரு மணி நேரம் ஆறவிடுவது, மூடியைத் திறந்து பார்ப்பது. அது ஏரிக்கு ஒரு நாள். முதல் இரவில் பறைச் சத்தம் மட்டும் கேட்டது. மூன்றாம் இரவில் பூ வாசம் வந்தது. ஏழாம் இரவில் மூவரும் தலையை முட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தோம். ஏரியைச் சுற்றி மாவிளக்குகள். தண்ணீரிலும் அத்தனை விளக்குகள். அந்தச் சின்ன வாய்க்குள் அவ்வளவு தூரம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. போன வருடம்கூட இதற்குள் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினேனே என்று கூச்சமாக இருந்தது. வெள்ளியங்கிரி அண்ணன் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். இப்படியே பார்த்துக்கொண்டிருக்கலாம் போலிருந்தது. ஆனால் எட்டாம் பகலுக்கு நேரமாகிவிட்டது.

அந்தப் பகலில் மூடியின் ஓரமாக மஞ்சள் நீர் பீய்ச்சி எங்கள் மூவர் மேலும் வெதுவெதுப்பாகத் தெளித்தது. நோம்பியை முடிக்கும் மஞ்சள் நீராட்டு ஆகிவிட்டால் காப்பை அவிழ்க்கலாம். சாந்தாமணியே அவிழ்த்தாள். அண்ணன் வீட்டிலிருந்து ஒரு கிளாம்ப் கொண்டுவந்து மாட்டினார். அவரிடம் ஒரு டப்பா நிறைய இருக்கிறதாம். நான்தான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை எல்லைக் கல்லைக் கார் சத்தமில்லாமல் தாண்டியது. நாற்பது கொண்டை ஊசி வளைவிலும் சூட்டு முள் நடுவிலேயே நின்றது. ஒன்பது ஐம்பதுக்குச் சாந்தாமணி கையெழுத்துப் போட்டாள்.

வராந்தாவில் ஏழெட்டுப் பேர் வரிசையில் காத்திருந்தார்கள். முதலில் நின்றது எதிர்மலை. இரண்டு நாளாகக் காய்ச்சலாம். அது படிக்கட்டு வரை குனிந்தது. அதன் மூச்சில் வராந்தா முழுவதும் பனி நிறைந்தது. சாந்தாமணி தெர்மாமீட்டரை உதறி, "நாக்குக்கு அடியில வெச்சுக்குங்க," என்றாள். பின்னால் நின்றவர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள்.