பாலைமரத்தடியில் சிவப்புத் தடி

என் மகள் தேனுகா மண்ணை மிதித்து மூன்று கிழமை ஆகிவிட்டது. விறாந்தையிலிருந்து கிணற்றடிச் சீமெந்துக்கு நான்தான் தூக்கிக்கொண்டு போகவேண்டும். எட்டு வயதுப் பிள்ளை, இடுப்பு முறிகிறது. பள்ளிக்கூடமும் இல்லை. படுத்தால் அடிக்கடி எழும்பிக் காலைத் தடவிப் பார்க்கிறாள், இரண்டும் இருக்கிறதா என்று.

காரணம் நான். மிதிவெடி அகற்றும் வேலைக்குப் போகத் தொடங்கிப் பதினொரு வருடம். எங்கள் அணியில் ஒருத்திக்குக் கால் போன அன்று, வீட்டுக்கு வந்து குசினிக்குள் என் மனுசன் தயாபரனிடம் அழுதழுது எல்லாவற்றையும் சொன்னேன். எப்படி வெடித்தது, சப்பாத்து எங்கே போய் விழுந்தது, எல்லாம். கதவுக்குப் பின்னால் பிள்ளை நின்றது பிறகுதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் பிள்ளைகளைப் பார்க்கும் தாட்சாயினி மிஸ் மருந்து ஒன்றும் எழுதவில்லை.

"பின்னேரத்தில குளத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. மரம், தண்ணி, குருவி எண்டு சும்மா பாத்துக்கொண்டு இருக்கட்டும். ஒண்டும் சொல்லிக் குடுக்காதைங்கோ. மண்ணில கால் பட்டா மனமும் மெல்ல அடங்கும்."

"மிஸ், மண்ணில எப்பிடிக் கால் வைக்கிறதெண்டு எனக்கே ரெயினிங் தந்து சேட்டிபிக்கற்றும் தந்துதான் விட்டவங்கள்."

அவர் சிரித்தார். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

ஞாயிறு பின்னேரம் போனோம். புளியங்குளம் ஊருக்கு உள்ளே, எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சின்னக் குளம். அந்த நிலம் எப்போதோ துப்புரவாக்கி ஊராரிடம் கொடுத்தது. மாடு மேய்கிறது, சனம் விறகு பொறுக்குகிறது. எல்லாம் தெரியும். தெரிந்து என்ன? பத்துத் தரம் பார்த்த இடத்திலும் ஒன்று தவறிக் கிடக்கலாம். அந்த ஒன்றைத் தேடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

வாசலில் பிள்ளையை இறக்கினேன். என் சட்டையைப் பின்னால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் வைத்த அடியிலேயே அடி வைத்தாள். நான் நின்றால் நின்றாள். அவளுடைய மூச்சு என் முதுகில் சுட்டது.

கோடைக்கு வற்றிய குளம். நடுவில் தண்ணீர், அதில் நாலைந்து கொக்கு. தண்ணீர் ஓரத்தில் ஒரு கல்லில் இருத்தினேன். கொக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு கொக்கு மீனைக் கொத்தித் தவறவிட்டது.

"விட்டுட்டுது, மொக்குக் கொக்கு," என்றாள்.

மூன்று கிழமைக்குப் பிறகு கேட்ட முதல் பகிடி. காதுவரை உயர்ந்து கிடந்த தோள் மெல்ல இறங்குவதைப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிக் கல்லடியில் வைத்துவிட்டு ஈரமணலில் பெருவிரலை அழுத்திப் பார்த்தாள். பிறகு மற்றக் கால். முகத்தைக் கழுவத் தண்ணீருக்குக் குனிந்தேன். அவ்வளவுதான்.

நிமிர்ந்தபோது கல்லில் பிள்ளை இல்லை. முப்பது அடி தள்ளி, பாலைமரத்துக்குக் கீழே குந்தியிருந்து பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவில், புல்லுக்குள், நுனியில் சிவப்புப் பூசிய தடி ஒன்று குத்தி நின்றது.

எங்கள் வேலையில் சிவப்புத் தடி என்றால் அதற்கு அங்காலே வெடி. பிள்ளை அங்காலே இருந்தாள்.

"அசையாதை!" என்று கத்தினேன். "தேனு, அசையாதை! காலைத் தூக்காதை!"

பிள்ளை விறைத்துப் போனாள். தடியை அப்போதுதான் அவளும் கண்டாள். அவளுக்கும் அந்த நிறம் தெரியும். கால் வழியே சிறுநீர் ஓடி மண்ணில் இறங்கியது.

நான் முழங்காலில் விழுந்தேன். கையில் மண்ணைக் கிளறும் றேக் இல்லை, முகமூடி இல்லை. ஒரு சுள்ளியை எடுத்துச் சரித்துக் குத்தி, விரலால் சருகை விலக்கி, ஒரு சாண் ஒரு சாணாக நகர்ந்தேன். வியர்வை கண்ணுக்குள் வழிந்தது. ஒவ்வொரு கல்லும் நெஞ்சை நிறுத்தியது. பாதித் தூரம்கூட வரவில்லை, வெயில் மரத்துக்குப் பின்னால் சரிந்துவிட்டது.

பின்னால் மாட்டு மணி கேட்டது. பக்கத்து வளவுச் சிவனேஸ்வரி அக்கா, ஏழெட்டு மாடுகளோடு.

"என்னடி கௌசலா, காதுத்தோட்டைத் துலைச்சிட்டியே?"

"அக்கா நில்லுங்கோ! மாட்டை மறியுங்கோ! சிவப்புத் தடி!"

மாடுகள் எங்கே கேட்கும். தடியை உரசிக்கொண்டு, பிள்ளையைச் சுற்றி, சாவகாசமாக நடந்து போயின. நான் மண்ணில் முகத்தைப் புதைத்துக் காதைப் பொத்தினேன்.

"எடியே, அது குளக்கட்டு அளக்க வந்த பெடியள் போன கிழமை குத்தினது," அக்கா சொன்னாள். "அங்கால இன்னும் நாலு நிக்குது. உனக்கு விசர். ஆனை வாற நேரம், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கெதியா நட."

சிரித்துக்கொண்டே மாட்டுக்குப் பின்னால் போய்விட்டாள்.

"தேனு, அது அளக்கிற தடியாம். ஒண்டுமில்லை. வா."

பிள்ளை அசையவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"நீங்க வாங்கோ அம்மா. முந்தி மாதிரி, விரலால பாத்துப் பாத்து வாங்கோ."

விரலால் பார்த்துப் போனால், இனி இந்தப் பிள்ளை ஆயுளுக்கும் மண்ணில் இறங்காது. அது எனக்கு அந்த இடத்திலேயே விளங்கியது. எழும்பினேன். செருப்பைக் கழற்றி எறிந்தேன். பதினொரு வருடமாகப் பார்க்காமல் ஒரு அடி வைத்ததில்லை. பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்தேன். பதினாறு அடி. ஒவ்வொன்றிலும் இப்போது, இப்போது என்றது மனம்.

போய்ச் சேர்ந்ததும் இருந்துவிட்டேன்.

"அம்மா, உங்கட கால் நடுங்குது."

"ஓம்."

"பயமோ?"

"ஓமடி. சரியான பயம்."

அவள் என் காலைத் தன் இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். உள்ளங்கையில் நசுங்கியிருந்த பாலைப்பழத்தை என் வாய்க்குள் வைத்தாள். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது.

"என்ர செருப்பு கல்லடியில," என்றாள்.

"இரு, நான் எடுத்…"

"வேண்டாம். நான் எடுத்துக்கொண்டு வாறன்."

போனாள். என் அடியைப் பார்த்து அல்ல. தடிக்கு இந்தப் பக்கத்தால், புல்லுக்குள்ளால், தன்பாட்டில். மூன்றாவது அடியில் நின்றாள். தோள் மறுபடி காதுக்கு ஏறியது. வயிற்றுக்குள்ளிருந்து ஒரு கூச்சல் எழும்பிவந்தது எனக்கு. பாலைப்பழப் பால் உதட்டை ஒட்டியிருந்தது. அது போதாதென்று இரண்டு கையாலும் வாயைப் பொத்தினேன்.

நாலாவது அடியை வைத்தாள்.