கீழே நின்றவள்

கிரேக்கர்களின் கதை ஒன்றில், தேவர்களின் அரசன் கழுகாக உருமாறி, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இளவரசன் ஒருவனை வானுலகுக்குத் தூக்கிச் செல்கிறான். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு டச்சு ஓவியர் ஒருவர் அந்தக் காட்சியைப் பழுப்பு மையில் வரைந்த தாள் ஒன்று, சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையிலிருந்து எப்படியோ எல்லம்மாளின் புகுந்த வீட்டுத் தகரப்பெட்டிக்கு வந்து சேர்ந்திருந்தது. அவளுக்கு அந்தக் கதை தெரியாது. அவளுக்கு அது திருக்கழுக்குன்றத்துக் கழுகு. அதன் நகங்களில் தொங்குகிறவன், கடலுக்குப் போய்த் திரும்பாத அவள் மகன் ராஜேந்திரன். கடல் அவனைக் கொள்ளவில்லை என்று அவள் நம்புவதற்கு அந்த ஒரு தாள்தான் சாட்சி.

1997 ஆடியில் அதைச் செங்கல்பட்டுக்குக் கொண்டுவந்து ஜலாலுதீனின் படச்சட்டக் கடையில் கொடுத்தாள்.

"கண்ணாடி போட்டுக் குடு பாய். புள்ளைக்குத் தெவசம் வருது."

"வியாழக்கிழம வாம்மா."

கடையில் தயாராக இருந்த சட்டத்தைவிடத் தாள் நான்கு விரற்கடை நீளமாக இருந்தது. வேறு சட்டம் அறுக்க ஜலாலுதீனுக்குச் சோம்பல். தாளின் அடியில் அவசரக் கோடுகள் சில கிறுக்கலாய்க் கிடந்தன. கத்தியை வைத்தபோது, அவற்றுக்குள் மேல்நோக்கி நீண்ட இரண்டு கைகள் ஒரு கணம் தெரிந்தன. யார் பார்க்கப்போகிறார்கள் என்று கத்தியை இழுத்துவிட்டார்.

வியாழனன்று எல்லம்மாள் படத்தை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"பையன் கீறான். கழுகு கீது. கீழ நின்னுகினு இருந்தாளே, அவ எங்க பாய்?"

"யாரும்மா?"

"நாந்தான்! கைய நீட்டிகினு, வுடு வுடுன்னு அழுதுகினு நின்னேனே!"

ஜலாலுதீன் குப்பைக்கூடையைக் கவிழ்த்தார். அட்டைத் துண்டுகளும் மரத்தூளும் விழுந்தன. முந்தின நாள் குப்பையை நகராட்சி வண்டி அள்ளிச் சென்றிருந்தது.

"மை கொட்டின கறைன்னு நெனச்சிட்டேம்மா. போர்டு எழுதுற ஆளு ஒருத்தர் கீறாரு. அதே மாரி ஒரு பொம்பளய வரஞ்சி ஒட்டித் தரச் சொல்றேன்."

"எவளோ ஒருத்திய எம்புள்ளைக்குக் கீழ நிக்க வெப்பியா? நல்ல ஆளுய்யா நீ!" அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வுடு பாய். உன் கண்ணுக்குக் கறையாத் தெரிஞ்சா நீ இன்னா பண்ணுவ? செவுத்துல உசரமா மாட்டிக்கறேன். கீழ நானே நின்னுக்கறேன்."

கறை என்ற சொல்லை நம்பித்தான் அவள் மன்னித்தாள். அவள் படியிறங்கும்வரை அதைத் திருத்திச் சொல்ல அவருக்கு அவகாசம் இருந்தது. ஜலாலுதீன் வாயைத் திறந்தார்.

"பாத்துப் போம்மா, கண்ணாடி" என்பது மட்டுமே வந்தது.