சராசரி அறுபது

எங்கள் தெருமுனையில் ஒரு பலகை இருக்கிறது. தெருவில் இருப்பவர்களின் சராசரி நிறத்தை அது காட்டும். பெயிண்ட் கடை அட்டையில் இருக்கிற மாதிரி ஒன்றிலிருந்து நூறு வரை எண்கள். கருக்கக் கருக்க எண் கூடும். அறுபதைத் தாண்டினால் தெருவில் நிற்பது குற்றம். காலை ஏழு மணிக்குப் பார்த்தால் தாண்டித்தான் இருக்கும்.

ஆகவே என்னை ஏழு மணிக்குக் கைது செய்வார்கள். செய்பவர் ஏட்டு பலராமன். தங்கமான மனுஷன். டீயைக் குடித்து முடிக்க விடுவார். ஸ்டேஷன் பெஞ்சின் இடது ஓரத்தில் பத்து மணிவரை உட்கார்ந்துவிட்டு, பெயிண்ட் அடிக்கப் போவேன். முப்பது வருஷமாக இப்படித்தான். பெஞ்சின் அந்த ஓரம் என்னால் வழவழப்பாகிவிட்டது. எனக்கு ஒரு குறையும் கிடையாது.

மகள் மதிவதனிக்கு ரயில் ஓட்டும் வேலை கிடைத்ததும்தான் வம்பு வந்தது. குடும்பத்தில் யாரும் தொடர்ந்து பதினான்கு நாளாகக் கைதாகவில்லை என்று சான்றிதழ் கேட்டார்கள். நான் பதின்மூன்று நாள் வீட்டு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்தே இருந்தேன். உட்கார்வது குற்றமில்லை. மதிவதனி கதவுக் கைப்பிடியை இழுத்து ஓட்டிப் பழகினாள். வீடு இரண்டு முறை அடுத்த நிறுத்தம்வரை போய் வந்தது. பிரேக் நன்றாகப் போடுகிறாள்.

பதினான்காம் நாள் மாலை ஐந்து மணிக்குச் சான்றிதழோடு ஒரு குமாஸ்தா அம்மா வந்தார்.

"நின்னு வாங்கணும்," என்றார்.

"ஏம்மா?"

"ஃபார்ம்ல அப்படித்தான் போட்டிருக்கு."

"நின்னா புடிச்சிருவாங்களே."

"புடிச்சா சான்றிதழ் கிடையாது. அஞ்சரைக்கு நான் கெளம்பிருவேன்."

பலகையில் 60.3. பலராமன் விலங்கோடு என் பக்கத்திலேயே நின்றார். முகம் வாடிப்போயிருந்தது.

"நிக்காதீங்க பெயிண்டரே. மன்சு கேக்காது. ஆனா புடிப்பேன்."

மதிவதனி வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பலராமன் வெற்றிலையைத் துப்ப, தெரு முடிகிற கால்வாய்ப் பாலத்துக்குப் போனார். பலகை 60.0 ஆனது. திரும்பி வந்தார். 60.3. அடச்சே, முப்பது வருஷம் நிறம் கலக்கிறவன் இதைக் கவனிக்கவில்லையே!

"ஏட்டய்யா, நீங்க எண்பத்தேழு."

"இன்னா?"

"அட்டையில. என் கண்ணு தப்பாது. நீங்க உள்ள வந்தாதான் தெரு தாண்டுது."

அவர் தன் புறங்கையைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். ஓர் அடி வெளியே வைத்தார், பிறகு உள்ளே வைத்தார்.

"அப்ப இத்தினி வருஷமா?"

"ஆமா."

"நான் வராம இருந்திருந்தா?"

"சும்மா நின்னு டீ குடிச்சிருப்பேன்."

அவர் விலங்கை இடுப்பில் மாட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றார்.

நான் எழுந்தேன். முட்டி இரண்டும் சடசடவென்று நெட்டி முறிந்தன. ஐந்து இருபத்தெட்டுக்குச் சான்றிதழ் கைக்கு வந்தது. மதிவதனி ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான்.

பாலத்துக்கு அந்தப் பக்கத் தெருவின் சராசரி முப்பத்தொன்று. அங்கே எண்பதுக்கு மேல் ஆள் வந்தால் உடனே வண்டி வரும். வந்தது. இரண்டு பேர் இறங்கி பலராமனின் கன்னத்தில் அட்டையை வைத்துப் பார்த்தார்கள்.

"எந்தத் தெரு?"

"யோவ், நான் போலீஸ்யா. யூனிஃபாரம் தெரியல?"

"அட்டையில காக்கி இல்லியே."

ஏற்றிவிட்டார்கள். இரண்டு பக்கத்துக்கும் ஸ்டேஷன் ஒன்றுதான். நான் இங்கிருந்தே கத்தினேன்.

"ஏட்டய்யா! இடது ஓரமா குந்துங்க!"

மறுநாள் மதிவதனி வேலைக்குப் போனாள். நான் ஏழு மணிக்குத் தெருமுனையில் டீயோடு நின்றேன். காற்று நன்றாக இருந்தது. யாரும் வரவில்லை. ஏழேகாலுக்குப் பொறுக்கவில்லை. ஒரு டீ பார்சல் வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன்.

பலராமன் இடது ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் நகர்ந்து இடம் விட்டார். பெஞ்சின் வழவழப்பைக் கையால் தடவிக் காட்டினார்.

"நல்லாத்தான் வெச்சிருக்கீங்க," என்றார்.