ஆனால் நீ

ஸ்ரீகண்டன் தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பான், எழுத வராது. பெங்களூரிலேயே பிறந்து, கன்னடத்திலும் இங்கிலீஷிலும் படித்தவன். அல்சூரில் வீடு, டெலிபோன் தொழிற்சாலையில் குமாஸ்தா வேலை. அதனால் 1956-இல், தங்கை கல்யாணத்துக்குக் குடியாத்தம் போயிருந்த மனைவி தனலக்ஷ்மிக்கு அவன் இங்கிலீஷில்தான் கடிதம் எழுதினான்.

வரும்போது என்ன வாங்கிவரட்டும் என்று அவள் கேட்டிருந்தாள். கடைசி வரியில் பதில் இருந்தது: ‘ஐ வாண்ட் நத்திங் பட் யூ.’

எட்டாவது வரை படித்தவள் தனலக்ஷ்மி. ஒவ்வொரு வார்த்தையாகப் பொருள் பார்த்தாள். எனக்கு ஒன்றும் வேண்டாம். ஆனால் நீ... அதோடு கையெழுத்து. ஏதோ குறை சொல்ல வந்தவர், மனசு கேட்காமல் பாதியில் நிறுத்திவிட்டார் என்றே நினைத்தாள். கணவன் கடிதத்தை யாரிடமும் காட்டவும் கூச்சம். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் ரயிலேறிவிட்டாள்.

கதவைத் திறந்த ஸ்ரீகண்டனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவளோ வாசலிலேயே அழ ஆரம்பித்தாள்.

“தப்புதான். பத்து நாள்னு சொல்லிட்டு இருபது நாள் இருந்துட்டேன். உங்க நீலச் சட்டைய இஸ்திரி போடறப்ப பொசுக்கினதும் நான்தான். பெட்டிக்கு அடியில ஒளிச்சு வெச்சிருக்கேன்.”

“எந்தச் சட்டை?”

அவள் கடிதத்தை நீட்டினாள். படித்துப் பார்த்தவனுக்குக் காது சிவந்தது.

“அய்யோ தனம், இங்க ‘பட்’னா ‘ஆனால்’ இல்ல. ‘தவிர’ன்னு அர்த்தம்.”

“சும்மா சமாளிக்காதீங்க. ‘பட்’னா ‘ஆனால்’தான். எனக்குத் தெரியாதா?”

அழுகைச் சத்தம் கேட்டு வந்தாள் பக்கத்து வீட்டு பிரிஜெட், பெண்கள் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். ஸ்ரீகண்டன் தடுப்பதற்குள் தனலக்ஷ்மி கடிதத்தை அவள் கையில் கொடுத்துவிட்டாள். பிரிஜெட் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“அவர் சொல்றது சரிதான் தனம். பழைய புத்தகங்கள்ல இந்த ‘பட்’ பல வேஷம் போடும். ‘ஹி இஸ் பட் எ சைல்ட்’னு வந்தா, அவன் வெறும் குழந்தைதானேன்னு அர்த்தம். இங்க, உன்னைத் தவிர எனக்கு எதுவும் வேணாம்னு எழுதியிருக்கார். நான் வரேன்மா.”

ஸ்ரீகண்டன் காப்பி போடுகிற சாக்கில் சமையலறைக்குள் ஒளிந்திருந்தான். தனலக்ஷ்மி பின்னாலேயே வந்தாள்.

“நம்ம பேச்சுல சொல்லத் தெரியாதா உங்களுக்கு?”

“நீ வந்தா போதும்னுதான்...” என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னான்.

“அடுப்புக்கா சொல்றீங்க?”

அவன் திரும்பினான். இந்தத் தடவை அவளைப் பார்த்துச் சொன்னான்.