கழுவாமல் கிடந்த பம்

பம் வாங்கேக்கை எனக்கும் இவருக்கும் நல்ல சண்டை. இவர் எண்டது என்ரை மனுசன் சுபாஸ்கரன். ட்ரக்டருக்குப் பின்னாலை பூட்டி மருந்து அடிக்கிற பம். கடைக்காரன் காட்டின உருளைப் பம்மிலை ஆளுக்கு ஒரே ஆசை, சின்னன், பூட்டவும் சுகமாம்.

"உங்களுக்கென்ன விசரே? நாங்கள் அடிக்கிறது தூள் மருந்து. உது உரஞ்சி உரஞ்சி ஒரு போகத்திலை தேஞ்சுபோம்" எண்டு கடைக்குள்ளையே கத்தினன். கடைசியிலை றப்பர் தட்டு வைச்ச பம்தான் எடுத்தம். அதிலை மருந்து ஓடுற பக்கம் வேறை, ஒயில் கிடக்கிற பக்கம் வேறை, நடுவிலை றப்பர். அடிச்சு முடிய நல்ல தண்ணி விட்டு ஓடக் கழுவினா வருசக்கணக்கா நிண்டு பிடிக்கும். கழுவாட்டி தூள் உள்ளுக்கை இறுகி றப்பரைக் கிழிச்சுப்போடும். எங்களுக்குத் தெரியாத விசயமில்லை. அதுதான் வயிறெரியுது.

சண்டிலிப்பாயிலை நாங்கள் செய்யிற தோட்டம் எங்கடை இல்லை. பக்கத்து வீட்டு அருமைநாயகி மாமியின்ரை. அவவின்ரை மகன் கிருஷாந் கனடாவிலை. காணியை விப்பம் எண்டு அவன் நெடுக நிண்டவன், மாமிதான் விடேல்லை. "இந்தமுறை உருளைக்கிழங்கு நல்லா வரட்டும் உதயா, படம் எடுத்து அவனுக்கு அனுப்புவம், பிறகு வாய் திறக்கான்" எண்டவ. கிழங்கு தப்பினாத்தான் எங்களுக்குத் தோட்டம்.

தை பிறந்து பனி கொட்டத் துவங்கிட்டுது. பனி கூட முதல் மருந்து அடிக்காட்டி இலை கருகி, பிறகு தண்டும் அழுகும். இவர் அரைவாசித் தோட்டம் அடிச்சு வரேக்கை மாமி வீட்டிலை குழறல் கேட்டுது. மனுசி முற்றம் கூட்டிக்கொண்டு நிண்டபடியே விழுந்து, உயிர் போட்டுது. இவர் ட்ரக்டரை நிப்பாட்டிப்போட்டு ஓடினார்.

பின்னேரம் கதை வந்தது. கிருஷாந்துக்கு உடனை டிக்கற் இல்லையாம். அவன் வந்துதான் கொள்ளி வைக்கவேணும், அதுவரைக்கும் மருந்தேத்திப் பிரேதத்தை வைச்சிருப்பினம். எங்கடை ஒழுங்கையிலை பிரேதம் கிடக்கேக்கை ஒருத்தரும் தோட்டத்துக்கு இறங்கமாட்டினம். தண்ணி மோட்டர்கூடப் போடாயினம். ட்ரக்டர் ஓடினாத்தானே பம் ஓடும்?

நான் வாளியாலை மருந்துத் தாங்கியை அள்ளிக் கழுவினன். பம்முக்குள்ளை கிடக்கிற மருந்தை என்ன செய்யிறது! செத்தவீட்டுக்குப் போய் இவரை வேலியோரம் கூப்பிட்டன்.

"இஞ்சாருங்கோ, அஞ்சு நிமிசம் ஓடவிட்டுக் கழுவிப்போட்டு வாங்கோ."

"மாமி கிடக்கிறா. அவவின்ரை காணிக்குள்ளை ட்ரக்டரை முறுக்கிக்கொண்டு நிக்கிறதோ? சனம் காறித் துப்பாதே?"

"உந்தச் சனமோ வந்து கிழங்கு கிண்டித் தரப்போகுது?"

"சனத்துக்காக இல்லையடி, எனக்கே ஏலாது" எண்டார். கண் கலங்கினபடி சொல்லுற ஆளோடை என்னெண்டு சண்டை பிடிக்கிறது? திரும்பி வந்திட்டன்.

நாலைஞ்சு நாள் விடியப்புறத்துப் பனி ஊத்தோ ஊத்தெண்டு ஊத்தினது. அடிக்காத பக்கத்து இலையிலை கறுப்புப் புள்ளி விழுந்தது. நான் பாத்துக்கொண்டு நிண்டன், பாழாய்ப்போன கண்ணாலை.

கிருஷாந் வந்தான், கொள்ளி வைச்சான். அடுத்தநாள் விடிய முதலே இவர் ட்ரக்டரை ஸ்ராட் பண்ணினார். பம் இருமிச்சுது, குழாயிலை சொட்டுச் சொட்டாத்தான் வந்தது. ஒயில் பாக்கிற கண்ணாடிக்குள்ளை பால்தேத்தண்ணி நிறம். றப்பர் கிழிஞ்சு மருந்துத் தண்ணி ஒயிலோடை கலந்திட்டுது. யாழ்ப்பாணம் முழுக்கத் தேடினார், அந்தச் சாமான் கொழும்பிலையிருந்துதான் வரவேணுமாம். முதுகிலை கொழுவுற தாங்கியாலை ரெண்டுபேரும் மாறிமாறி அடிச்சம். எங்கை? ஒரு பாத்தி அடிச்சு முடிய முதலே அடுத்த பாத்தியும் கறுத்துது. தோட்டம் முழுக்க அழுகின மணம்.

மாமிக்கு எட்டாம்நாள் படைக்கிற எட்டுச் செலவு முடிய கிருஷாந் வரம்புக்கு வந்தான். "இதென்ன அண்ணை இப்பிடி?" எண்டான். இவர் ஒண்டும் மறைக்காமல் சொன்னார்.

"ஐயோ அண்ணை, ஓடவிட்டிருக்கலாமே! நான் ஏதும் நினைச்சிருப்பனே? அம்மாவே எழும்பி வந்து பேசியிருப்பா."

அவன் சொன்னது பொய்யில்லை. அவனை ஏச எனக்கு ஒரு சாட்டும் கிடைக்கேல்லை, அதுதான் தாங்கேலாமல் கிடந்தது. அவன் காணி விக்கிற கதையை எடுக்கேல்லை, எடுக்க வெக்கப்பட்டு நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டான்.

இவர்தான் கேட்டார்.

"காணி வாங்க ஆக்களைப் பாத்திட்டியோ தம்பி?"

"ஓம் அண்ணை" எண்டான் கிருஷாந், மெல்ல.

"அப்ப வித்துப்போடு" எண்டு என்ரை மனுசன் தன்ரை வாயாலையே சொன்னார்.