வடித்த தண்ணீரும் கிறகோரியின் கூழும்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் சொந்த யோசனை அல்ல. எங்கள் பக்கத்து நலன்புரிச் சங்கம் ஒன்று சிறுநீரக நோயாளரைக் கடற்கரைக்கு உல்லாசமாகக் கூட்டிப்போவதென்று தீர்மானித்தது. கையோடு மலர் ஒன்று வெளியிடுவதென்றும் தீர்மானித்தது. மலர் வெளிவராத நற்காரியம் யாழ்ப்பாணத்தில் நடந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. வாழ்த்துச் செய்திகளுக்கும் நகைக்கடை விளம்பரத்துக்கும் நடுவே கொஞ்சம் இடம் மிஞ்சிவிட, தலைவர் மார்க்கண்டு என்னைத் தொலைபேசியில் பிடித்தார். ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி. ஓய்வு பெற்றதை இன்னும் அவர் குரலுக்கு யாரும் அறிவிக்கவில்லை.

"சோகம் வேண்டாம் ஐசே. சந்தோசமா ஒரு கதை தாரும். வாசிக்கிற ஆக்கள் சிரிக்கவேணும்."

ஓம் என்றேன். அன்று தொடங்கிய எழுதலும் வெட்டலும் இன்னும் நிற்கவில்லை.

2.

ஆரம்பம் ஒன்று: "கசூரினாக் கடற்கரையில் அலைகள் கைதட்டி வரவேற்க—"

வெட்டியாயிற்று. காரைநகரின் அந்தக் கடல் குளம்போல் கிடக்கும். கைதட்டியவர் சங்கத்தின் பொருளாளர் மட்டும்தான்.

ஆரம்பம் இரண்டு: "நோயை வென்ற நெஞ்சங்கள்—"

ஒருவரும் வெல்லவில்லை. அடுத்த தவணை வரை தள்ளிப்போட்டிருக்கிறார்கள்.

ஆரம்பம் மூன்று: "பெர்னடெட்டுக்குப் பயமாக இருந்தது."

இது இருக்கட்டும்.

3.

பெர்னடெட்டுக்குப் பயமாக இருந்தது. அவள் குருநகர்க்காரி. புருஷன் கிறகோரி ஒருகாலத்தில் கடலுக்குப் போய்வந்தவர், இப்போது கிழமைக்கு இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறார். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபிறகு இரத்தத்தைச் சுத்தம்பண்ணுவது மெசின்தான். தண்ணீருக்கு அளவு, உப்புக்கு அளவு. பழத்திலும் கிழங்கிலும் கீரையிலும் உள்ள பொட்டாசியம் உடம்பில் ஏறினால் இதயம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். ஒருமுறை நிற்கப் பார்த்தது. சுகம் விசாரிக்க வந்த சொந்தக்காரர் நீர்வேலி வாழைப்பழத்தை அன்போடு உரித்து உரித்துக் கொடுத்திருந்தார்.

அதற்குப் பிறகு ஒருநாள், மெசினிலிருந்து வந்து படுத்திருந்த கிறகோரி, கூரையைப் பார்த்தபடி சொன்னார்: "எனக்குக் காணும். இனி நான் மெசினுக்கு வரேல்லை."

[அவர் ஏன் சலித்துப்போனார் என்று இங்கே ஒரு பந்தி எழுதியிருந்தேன். தத்துவமாக வந்துவிட்டது. கிறகோரி அப்படிக் கதைக்கிற ஆள் அல்ல. எடுத்துவிட்டேன்.]

பெர்னடெட் அழவில்லை. வாயில் வந்ததைச் சொன்னாள். பிக்னிக் ஒன்று வருகிறதாம், அதுவரைக்குமாவது வாருங்கள் என்றாள்.

கிறகோரி கூரையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். பிறகு, "கூழ் இருக்கோ?" என்று கேட்டார்.

"ஓம்," என்றாள். இருக்குமோ இல்லையோ அவளுக்குத் தெரியாது.

ஆக, மற்றவர்களுக்கு அது பிக்னிக். பெர்னடெட்டுக்கு அது முடிந்த அடுத்த திங்கட்கிழமை. அன்றைக்கும் அவர் மெசினுக்குப் போக ஓட்டோவில் ஏறவேண்டும். அவளுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

4.

ஆயத்தக் கூட்டத்துக்கு நோயாளரின் வீட்டார் சார்பில் அவளையும் கூப்பிட்டார்கள். கதிரை நுனியில் இருந்தாள். விளையாட்டுப் பொறுப்பாளர் கோபிசங்கர், போத்தலில் தண்ணீர் நிரப்பி ஓடும் போட்டி வைக்கலாம் என்றார். நாள் முழுக்க ஒரு சின்னப் போத்தல் தண்ணீரோடு நாக்கு வறண்டு கிடப்பவர்களுக்கு! சிகிச்சைப் பிரிவுத் தாதி ஜெசிதா மிஸ்ஸி அவரைப் பார்த்த பார்வையில் போட்டி கைவிடப்பட்டது. அடுத்தது சாப்பாடு. இளநீர் என்றார்கள், மிஸ்ஸி கூடாது என்று தலையாட்டினார். வாழைப்பழம், மாம்பழம், கருவாடு, எல்லாவற்றுக்கும் அதே தலையாட்டல்.

"அப்ப என்னத்துக்கு மிஸ்ஸி பிக்னிக்?" என்றார் பொருளாளர், மெய்யான துயரத்தோடு.

அப்போதுதான் பெர்னடெட் கூழ் என்று மெல்லச் சொன்னாள், பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவில் காய்ச்சுகிற கூழ். மிஸ்ஸி யோசித்தார். மெசினுக்குப் போன மறுநாளானால் ஆளுக்கு அரைப் பிளா, பனையோலைக் கிண்ணத்தில் பாதி, கொடுக்கலாம். ஆனால் மரவள்ளியையும் பயிற்றங்காயையும் கீரையையும் பொடியாக வெட்டி, ஊறவைத்து, அவித்து, அந்தத் தண்ணீரை வடித்த பிறகே போடவேண்டும். பொட்டாசியம் தண்ணீரோடு போய்விடும். வடிக்கவேண்டும் என்பதை மட்டும் இரண்டு தரம் சொன்னார். பெர்னடெட்டுக்கு உயிர் வந்தது. நானே காய்ச்சுகிறேன் என்றாள்.

தலைவர் எழுந்தார். நோயாளரைப் பராமரிப்போருக்கும் அன்று பூரண ஓய்வு என்று ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது. ஓய்வு தேவையில்லை என்று அவள் இரண்டு தரம் சொன்னதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். கூழ்ப் பானை, உடுவிலைச் சேர்ந்த மாதர் பிரிவுச் செயலாளர் சிவகௌரியிடம் போனது.

[சிவகௌரியை முதலில் ஒரு பந்தாக்காரியாக எழுதினேன். எனக்கு அது கைவந்த வேலை. ஆனால் அவர் நல்ல மனுஷி. விடியமுன் எழும்பி மிஸ்ஸி சொன்ன அளவில் காய்கறி வெட்டியவர். நல்லவர்களை வைத்துக்கொண்டு கதை எழுதுவது பெரிய தொல்லை.]

5.

சனிக்கிழமை. சவுக்கு மரங்களுக்குக் கீழே கதிரைகள். "மகிழ்வுப் பெருவிழா" என்ற பதாகையில் தலைவரின் படம் பெரிது, கடலின் படம் சிறிது. தலைவர் பேசினார். பேச்சுக்கு நடுவே போத்தலைத் திறந்து மடமடவென்று தண்ணீர் குடித்தார். நோயாளர் ஒருவரும் பேச்சைக் கேட்கவில்லை. எல்லாரும் அவருடைய தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கிறகோரி கடலைப் பார்த்தார். பிறகு அடுப்புப் பக்கம் பார்த்தார். அவர் மூக்கு விரிந்ததைக் கண்டபோது பெர்னடெட்டுக்குக் கல்யாணம் முடித்த புதிது ஞாபகம்— (இந்த வசனம் வேண்டாம். பழைய ஞாபகத்துக்குள் ஒதுங்கித் தப்பப் பார்க்கிறேன்.)

முதல் பிளாவைப் படம் எடுக்கவேண்டும் என்று, பனையோலைப் பிளாவில் கூழை வார்த்து, தலைவரே கிறகோரியின் கையில் கொடுத்தார். கமெராக்காரர் வெளிச்சம் போதாது, கொஞ்சம் பொறுங்கள் என்றார். மற்ற ஒருவருக்கும் இன்னும் வார்க்கவில்லை. அந்த இடைவெளியில் பெர்னடெட் பானையடிக்குப் போனாள். அவளால் சும்மா இருக்க முடியாது. கேட்பதற்கு எதுவும் இல்லாமல், காய்கறி அவித்த தண்ணீரை எங்கே ஊற்றினீர்கள் என்று கேட்டாள்.

சிவகௌரி சிரித்தார்.

"ஊத்திறதோ? சும்மா விசர்க்கதை. ஒழுங்கா வடிச்செடுத்தனான், மிஸ்ஸி சொன்னமாதிரி. அதின்ரை சத்து முழுக்க அந்தத் தண்ணியிக்கைதானே அக்கா. பாவம், சத்தில்லாத சீவன்கள். ஒடியல் மாவை அதிலைதான் கரைச்சு விட்டிருக்கிறன்."

6.

இதில் சிவகௌரியைக் குற்றம் சொல்ல வேண்டாம். எங்கள் ஊர்க் குசினிகளில் காய்கறி அவித்த தண்ணீரை வீசுவது பாவம். வடி என்றார் மிஸ்ஸி. வீசு என்று சொல்லத் தோன்றவில்லை அவருக்கு.*

* மிஸ்ஸி அன்று ஆஸ்பத்திரியில் கடமை. தொலைபேசியும் எடுக்கவில்லை. இரண்டையும் ஏற்பாடு செய்தவன் நான். அவர் கடற்கரைக்கு வந்திருந்தால் பிளாவைப் பறித்திருப்பார், கதையும் முடிந்திருக்கும்.

பொட்டாசியம் முழுக்க அந்தத் தண்ணீரில்தான் என்று பெர்னடெட் சொன்னதும் சிவகௌரியின் முகம் வெளுத்தது. பானையை மூடி, மூடியின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றார். பானைக் கூழால் இனி ஆருக்கும் ஆபத்தில்லை. மிச்சம் கிறகோரியின் கையில் இருந்த பிளா மட்டும்.

பெர்னடெட் அவரிடம் போய்க் குனிந்து, உள்ளதைச் சொன்னாள்.

"அப்ப ஒரு வாய் மட்டும் குடியுங்கோவன்," என்றாள் கடைசியில்.

"எல்லாத்திலையும் ஒரு வாய்தானே நான் இப்ப சீவிக்கிறது." கிறகோரி கோபப்படவில்லை. "நீ சொல்லு. ஊத்து எண்டால் ஊத்துறன். ஆனால் திங்கள் என்னைக் கூப்பிடாதை. குடி எண்டால் குடிச்சிட்டு, திங்கள் வாறன்."

"திங்கள் நீங்கள் இருக்கவேணுமே," என்றாள் பெர்னடெட்.

"அதைத்தான் உன்னட்டைக் கேக்கிறன்."

7.

முடிவு (அ): அவள் பிளாவைத் தட்டிவிடுகிறாள். எல்லாரும் கைதட்டுகிறார்கள். திங்கட்கிழமை வாசலில் ஓட்டோ நிற்கிறது. கிறகோரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார்.

முடிவு (ஆ): அவர் குடிக்கிறார். வாயைத் துடைத்துக்கொண்டு கடலைப் பார்த்துச் சிரிக்கிறார். அன்று பின்னேரம்— எழுதவில்லை.

முடிவு (இ): தலைவர் தொலைபேசியில் சொன்னது. "எல்லாருமாச் சேர்ந்து ஒரு பாட்டுப் பாடினதா முடியும் ஐசே."

மூன்றையும் வெட்டிவிட்டேன். குடித்தால் என்ன ஆகும் என்பது அந்தக் கடற்கரையில் ஒருவருக்கும் தெரியாது. ஒன்றும் ஆகாமலும் போகலாம். அதுதான் மோசம். நிச்சயமாக நஞ்சு என்றால் பெர்னடெட் எப்போதோ பறித்திருப்பாள்.

அவள் இப்போது வாயைத் திறக்கிறாள். அவள் சொல்வதை நான் எழுதமாட்டேன். நான் எதைச் சொல்ல வைத்தாலும், திங்கட்கிழமை நான் வழக்கம்போல் எழும்பித் தேத்தண்ணி குடிப்பேன், வேண்டிய மட்டும். அப்படிப்பட்டவன் சொல்லக்கூடிய பதில் அல்ல அது.

உங்களில் யாராவது இப்படி ஒருவருக்குப் பக்கத்தில் இருந்திருந்தால், நீங்கள் சொல்லுங்கள். கமெராக்காரர் வெளிச்சம் சரி என்கிறார். கிறகோரி பிளாவைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு, அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.