உள்பக்கம் கழுவாத சக்கரம்

தன் டயர் கடை வாசலில் வந்து நின்ற வெள்ளை வண்டியைப் பார்த்ததுமே வேம்பு அடையாளம் கண்டுகொண்டாள். அமிர்தலிங்கத்தின் வண்டி. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் மறுநாளே அந்தக் கட்சியின் கரைவேட்டிக்கு மாறிவிடும் மனிதர். வேம்புவின் புருஷன் வீரையன் குத்தகைக்கு உழும் கோயில் நிலத்தின்மேல் அவருக்கு இரண்டு வருஷமாகக் கண்.

மூன்று நாளைக்கு முன்னால், அந்த நிலத்து நாற்றங்காலில் ஏதோ ஒரு வண்டி ஏறி இறங்கி, அப்போதுதான் முளைவிட்ட நாற்றையெல்லாம் சேற்றோடு சேறாக்கிவிட்டுப் போயிருந்தது. நட நாற்றில்லையென்றால் நிலம் தரிசு. தரிசு போட்டால் குத்தகை போகும். அமிர்தலிங்கத்தின்மேல் வேம்பு போலீசில் புகார் கொடுத்தாள். தன் வண்டி அன்றைக்குத் தரங்கம்பாடியில் ஒரு கல்யாணத்தில் நின்றது என்று அமிர்தலிங்கம் கூசாமல் சொன்னார். இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் சாட்சி இல்லையென்றால் மனுவை மூடிவிடுவோம் என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டார்கள்.

கீழ்வேளூர்ப் பக்கம் சக்கரத்தின் எடையைச் சமன் பார்க்கும் பாலன்சிங் மிஷின் இருப்பது வேம்பு கடையில் மட்டும்தான். பகைக்காக யாரும் பத்து மைல் சுற்றுவதில்லை. போன வாரம் நாலு புது டயரும் இங்கேதான் மாட்டிக்கொண்டு போனார். இப்போது எண்பதில் போனால் ஸ்டியரிங் உதறுகிறதாம். தெருவே கேட்கப் பொரிந்து தள்ளினார். பஞ்சருக்குக் காத்திருந்த லாரி டிரைவர் பக்கீர் முகம்மது தலையைக் குனிந்துகொண்டார்.

"நாத்துப் பறிச்ச கைக்கு மிஷின் ஒரு கேடா?" என்றார் அமிர்தலிங்கம்.

தன் வேலையில்தான் பிசகோ என்றுகூட வேம்பு ஒரு கணம் பயந்தாள். குனிந்து பார்த்தாள். சமனுக்காக அவள் ஒட்டிய ஈயக்கட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. அன்றைக்கு மிஷின் சுத்தமாகப் பூஜ்யம் காட்டியதும் ஞாபகம் வந்தது. அப்படிப்பட்ட சக்கரம் எதனால் உதறும் என்று அவளுக்குத் தெரியும்.

"டயர் போட்டதுக்கப்புறம் வேற யாராச்சும் ஓட்டுனாங்களாங்க?"

"என் வண்டிய நான் மட்டுந்தான் ஓட்டுவேன். சாவி என் இடுப்பைவிட்டு எறங்குனதில்ல."

அதையே கடையின் புகார் நோட்டில் எழுதச் சொன்னாள். கடையை நாறடிக்கும் ஆசையில், தேதி, வண்டி நம்பரோடு எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

வண்டியைத் தூக்கி நாலு சக்கரத்தையும் கழற்றினாள். வெளிப்பக்கம் கண்ணாடியாய் மின்னியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தெரிந்தவருக்கு, ரிம்முக்கு உள்பக்கம் ஒன்று இருப்பது தெரியவில்லை. அங்கே, சக்கரத்தை உதறவைத்த களிமண் அப்பிக் காய்ந்திருந்தது, முளைவிட்ட நெல்லோடு. ஒரு நெல்லை எடுத்து நகத்தால் பிளந்து பக்கீர் முகம்மதிடம் காட்டினாள். அரிசி கறுப்பு. அந்தச் சுற்றுவட்டாரத்தில் கருப்புக் கவுனி ரகம் விதைத்தவன் வீரையன் ஒருவன்தான். பக்கீர் முகம்மது போனை எடுத்துப் படம் பிடித்தார்.

அமிர்தலிங்கத்தின் குரல் இறங்கிவிட்டது. சீக்கிரம் கழுவி மாட்டச் சொன்னார்.

"நாத்துப் பறிச்ச கைங்க. நெல்லு தெரியும்," என்றாள் வேம்பு. "போலீசு வந்து பாக்குற வரைக்கும் சக்கரம் நாலும் இங்கதான் கெடக்கும். உக்காருங்க."

அவர் இடுப்பைத் தடவிப் பார்த்தார். சாவி அங்கேதான் இருந்தது.